ஜன்னலுக்கு எதிரே இருபத்தேழு செடிகள்

செவ்வாய்க்கிழமை காலை ஏழரை மணிக்கெல்லாம் கவுன்சில் வண்டி வந்துவிட்டது. பின்தட்டில் இரண்டு கம்பங்கள், ஒரு மூட்டை சிமெண்ட், ஆளுயரத் தகரப் பலகை ஒன்று. ரோனா கெல்சோ சமையலறை ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். கையிலிருந்த டீ ஆறி அரை மணி நேரமாகியிருந்தது. மற்ற நாளில் குப்பை எடுக்கக்கூட நேரத்துக்கு வராத வண்டி, இன்றைக்குப் பார்த்து முதல் ஆளாக வந்து நிற்கிறது, பாவி!

நோரல்லா முனை என்கிற அந்தக் கடலோர ஊரில் இந்தப் பலகை என்றால் என்னவென்று சின்னக் குழந்தைக்கும் தெரியும். கடற்கரை ஓரத்தில் கவுன்சில் வளர்க்கும் மரம் செடியை யாராவது விஷம் வைத்துக் கொன்றால் அந்த இடத்திலேயே பலகை வைப்பார்கள். ‘இங்கிருந்த செடிகள் வேண்டுமென்றே கொல்லப்பட்டன. விவரம் தெரிந்தவர்கள் சொல்லவும்’ என்று எழுதியிருக்கும். செடியைக் கொன்றுவிட்டுக் கடலைப் பார்க்க ஆசைப்பட்டாயா, இந்தா, பலகையைப் பார் என்று அர்த்தம். புதுச் செடி அந்த உயரத்துக்கு வளரும்வரை அது அசையாது. யார் பெயரும் அதில் இருக்காது. இருக்க வேண்டிய அவசியமும் இல்லை. எந்த வீட்டு ஜன்னலுக்கு நேர் எதிரே நிற்கிறதோ அந்த வீட்டுக்காரர்தான் என்று ஊர் புரிந்துகொள்ளும்.

இந்தப் பலகை அதே வரிசையில் குடியிருக்கும் நடீன் ஓர்மண்டின் ஜன்னலுக்கு நேர் எதிரே நிற்கப்போகிறது.

செடிகளைக் கொன்றது நடீன் இல்லை. அவள் புருஷன் கிளைவும் இல்லை. கொன்றவள் ரோனா. அது அவளுக்கே சனிக்கிழமை பிற்பகலில்தான் தெரிந்தது. அதற்கு மூன்று வாரம் முன்னாலேயே, பலகை வைத்தே தீர வேண்டும் என்று கவுன்சிலுக்குக் கடிதம் எழுதியவளும் அவளேதான்.

“என்ன, வந்துட்டாங்களா?” என்றான் லெஸ், மீன்பிடிப் பத்திரிகையிலிருந்து தலையை எடுக்காமல். நாற்பத்து மூன்று வருஷமாக அவள் புருஷன்.

“வந்துட்டாங்க.”

“அப்புறம் ஏன் மூஞ்சி இப்படி இருக்கு? மூணு வாரமா பலகை பலகைன்னு என் உயிரை வாங்கின. போ, போய்க் கை தட்டு.”

“கொஞ்சம் சும்மா இருக்கியா?”

“நான் சும்மாதான் இருக்கேன். இந்த வீட்ல சும்மா இருக்கத் தெரிஞ்சவன் நான் ஒருத்தன்தான்.”

அதை மறுக்க முடியாது. மலைப்பக்கம் பள்ளத்தாக்கில் நூற்று அறுபது மாடு வைத்துப் பால் கறந்த குடும்பம். லெஸ்ஸின் முட்டி இரண்டும் போனபிறகு மாட்டையும் நிலத்தையும் விற்றுவிட்டுக் கடலோரம் வந்தார்கள். லெஸ் வந்த மறுநாளே தூண்டிலோடு பாறையில் உட்கார்ந்துவிட்டான், பிறந்ததிலிருந்து அங்கேயே உட்கார்ந்திருந்தவன் மாதிரி. ரோனாவுக்குத்தான் உடம்பு கேட்கவில்லை. காலை நாலரைக்கு டாண் என்று விழிப்பு வந்துவிடும். எழுந்து என்ன செய்ய? கறக்க மாடு இல்லை. கழுவத் தொழுவம் இல்லை. அடுப்பைத் துடைப்பாள், துடைத்த அடுப்பையே திரும்பத் துடைப்பாள், தெருவில் இறங்கி நடப்பாள், திரும்பி வருவாள். மணி ஐந்தே காலாகியிருக்கும்.

அந்த நேரத்தில்தான் அவளுக்கு இரண்டு துணை கிடைத்தது. ஒன்று நடீன்.

நடீன் சிட்னியிலிருந்து வந்தவள், பல் டாக்டரிடம் வேலை பார்த்தவள். ரோனாவும் லெஸ்ஸும் குடிவந்த முதல் வாரமே ஒரு பை நிறைய எலுமிச்சம்பழத்தோடு வாசலில் வந்து நின்றாள். “எங்க மரம் பைத்தியம் மாதிரி காய்க்குது, நீங்க வாங்கலைன்னா நான் ரோட்ல கொட்டணும்” என்றாள். அடுத்த வாரம் நீங்க போய் நீ வந்துவிட்டது. அறுபத்தாறு வயது வரை கடலில் முழங்காலுக்கு மேல் இறங்காத ரோனாவைக் கையைப் பிடித்துக் கழுத்தளவு தண்ணீருக்குக் கூட்டிப்போனவள் அவள்தான். “விடாதே, விடாதே, சனியனே விட்டுடாதே!” என்று ரோனா கத்தக் கத்த நடீன் சிரித்தாளே தவிர, விடவில்லை.

இன்னொரு துணை அந்தச் செடிகள்.

வீடுகளுக்கும் கடலுக்கும் நடுவில் ஓடும் மணல்மேட்டில், அவர்கள் வந்த வருஷம் மே மாதம், மணல்மேட்டுக் குழு அறுபது பேங்க்சியா செடிகள் நட்டது. இந்தக் கரையிலேயே பிறந்த புதர்ச்செடி. ஊசி ஊசியாக இலை, எந்தக் காலத்திலும் உதிர்ந்து மொட்டையாகாது, குளிர்காலத்தில் மெழுகுவர்த்தி மாதிரி ஆரஞ்சுப் பூ வைக்கும், தேன்குருவிகள் வந்து சண்டை போடும். உப்புக்காற்றுக்கு அசராது. வெறும் மணலில் நிற்கும். ஒரு நாள் மூன்று மீட்டர் உயரும்.

நட்ட அன்றைக்கே குழுத் தலைவர் நெவில் பிராஸ் எல்லோருக்கும் சொன்னார். “முதல் கோடைக்கு மட்டும் தண்ணி ஊத்துங்க. அப்புறம் ஒண்ணும் வேண்டாம். எரு, உரம், எதுவும் வேண்டாம். அதுங்களை அதுங்க பாட்டுக்கு விட்டுடணும்.”

நெவில் முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் பூகோளம் சொல்லிக்கொடுத்தவர். பூகோள வாத்தியாருக்கு மண்ணைப் பற்றி என்ன தெரியும் என்று நினைத்தாள் ரோனா. ஒன்றும் போடாமல் எது வளர்ந்திருக்கிறது இந்த உலகத்தில்? அவள் சின்னப் பெண்ணாக இருந்தபோது மலைச்சரிவுக்கெல்லாம் விமானத்தில் வந்து சூப்பர் பாஸ்பேட் உரம் தூவுவார்கள். வெள்ளைப் பொடி காற்றில் இறங்கும். அடுத்த மழைக்குப் புல் பச்சையாக எழுந்து நிற்கும். சூப்பர் போட்டால் பால், போடாவிட்டால் பஞ்சம். அவள் படித்த பாடம் அதுதான்.

அறுபதில் முப்பத்துமூன்று செடிகள் நன்றாகத்தான் வந்தன. நடீன் வீட்டுக்கு எதிரே இருந்த இருபத்தேழு மட்டும் சோடை போயின. அந்த இடத்தில் மேடு தாழ்வாக இருந்ததால் காற்று நேராக அடித்தது. மற்றவை இடுப்பளவு வந்தபோது இவை முட்டியளவில் நின்றன. ரோனாவால் அதைப் பார்த்துக்கொண்டு இருக்க முடியவில்லை. இளைத்த கன்றுக்குட்டியைப் பார்த்துவிட்டு எந்தப் பால்காரி சும்மா போவாள்? போன செப்டம்பரில் ஒரு நாள் விடிந்தும் விடியாமல், பண்ணையிலிருந்து கொண்டுவந்திருந்த அரை மூட்டை சூப்பரை வெள்ளை பக்கெட்டில் கொட்டி எடுத்துக்கொண்டு போனாள். ஒவ்வொரு செடிக்கும் அடியில் ஒரு கை. பிறகு மனசு கேட்காமல் இன்னொரு கை. இருபத்தேழாவது செடியோடு பக்கெட் காலி. நெவிலிடம் சொல்லவில்லை. சொன்னால் வகுப்பு எடுப்பார்.

நவம்பரில் இலை மஞ்சளித்தது. கிறிஸ்துமஸுக்கு நுனியெல்லாம் கருகிற்று. ஜனவரி பாதியில் இருபத்தேழும் விறகு. பக்கத்தில் இருந்த முப்பத்துமூன்றும் பச்சைப் பசேல் என்று நின்றன.

தன் சூப்பர் மேல் அவளுக்குச் சந்தேகமே வரவில்லை என்பதைத்தான் இப்போது நினைத்தால் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது. அவள் நினைத்தது வேறு. அவ்வளவு சத்து கொடுத்தும் செத்திருக்கிறது என்றால், எவ்வளவு கொடிய விஷம் வைத்திருப்பார்கள்! அப்படி நினைக்க நினைக்கக் கோபம் ஏறியது. கிறிஸ்துமஸ் விருந்தில் கிளைவ் பியர் டம்ளரோடு, “இதுங்க மூணு மீட்டர் வளந்துச்சுன்னா நான் கூரை மேல ஏறித்தான் திமிங்கிலம் பாக்கணும்” என்று சிரித்தது நினைவு வந்தது. அவ்வளவுதான், எல்லாம் பொருந்திவிட்டது.

ஜனவரிக் கூட்டத்தில் ஊர் மண்டபம் நிறைந்திருந்தது. ரோனா எழுந்து நின்றாள். நடீன் மூன்றாவது வரிசையில் இருந்தாள்.

“நான் யார் பேரையும் சொல்லலை. செத்ததெல்லாம் எங்க ஆரம்பிச்சு எங்க முடியுதுன்னு போய்ப் பாருங்க. அதுக்கு எதிர்ல எந்த ஜன்னல் இருக்குன்னும் பாருங்க. யாருக்கு லாபம்னு ஒரு மாட்டுக்காரிக்கே தெரியுது, உங்களுக்குத் தெரியாதா?”

கை தட்டினார்கள். நடீன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள், ஒரு வார்த்தை பேசவில்லை. பேசாமலிருந்ததே ஒப்புக்கொண்டது மாதிரி என்று வெளியில் வந்து எல்லோரும் சொன்னார்கள். ரோனாவும் சொன்னாள்.

அதன்பிறகு ஊர் செய்ததைக் கேட்க வேண்டுமே. ரொட்டிக்கடையில் நடீன் நுழைந்தால் பேச்சு நின்றுவிடும். அவர்கள் வீட்டுத் தபால் பெட்டியில் செத்த பேங்க்சியாக் குச்சிகளை யாரோ திணித்துவிட்டுப் போனார்கள். கடல் மீட்புச் சங்கத்துக்காகக் கிளைவ் மாதத்தில் ஒரு சனிக்கிழமை சாசேஜ் சுட்டு விற்பான். அந்த மாதம் நாலு மணி நேரம் அடுப்படியில் நின்றான். வழிப்போக்கர்கள் ஆறு பேர் வாங்கினார்கள். உள்ளூர்க்காரன் ஒருவன் வரவில்லை. மிச்சத்தைத் தட்டோடு அவன் வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போனதை ரோனா இதே ஜன்னலிலிருந்துதான் பார்த்தாள். நல்லா வேணும் என்றுகூட நினைத்தாள், அடிப் பாவி!

பிறகு வந்தது போன சனிக்கிழமை. செத்த செடிகளுக்குப் பதில் வாங்க நெடுஞ்சாலை நர்சரிக்குப் போயிருந்தாள். கடைக்காரர் ஃபெர்கஸ் தட்டுத் தட்டாக எடுத்து வைத்துக்கொண்டே பேச்சுவாக்கில் கேட்டார்.

“பாஸ்பேட் எதுவும் காட்டலையே?”

“ஏன்?”

“அட, வேற எதை வேணும்னாலும் தாங்கும் இந்தச் செடி. உப்பு, காத்து, வறட்சி, எதுவும் ஒண்ணும் பண்ணாது. இந்த மண்ணுல பாஸ்பேட் கிடையாது, பாருங்க. ஒரு துளி இருந்தாலும் உறிஞ்சி எடுக்கற மாதிரி வேர் வெச்சிருக்கு. போதும்னு சொல்லத் தெரியாது அதுக்கு. நாம அள்ளிக் கொட்டினா அதுவும் குடிச்சுக்கிட்டே இருந்து செத்துப்போகும். முதல்ல மஞ்சளாகும், அப்புறம் நுனி கருகும். மாட்டுப் பண்ணைக்காரங்க ரிட்டையராகி வந்து இதைத்தான் பண்றாங்க. வருஷத்துக்கு ரெண்டு பேராவது வந்து என் செடி சரியில்லைன்னு சண்டை போடுவாங்க.” சொல்லிவிட்டுச் சிரித்தார்.

ரோனா காசைக் கொடுத்துவிட்டுச் செடியை எடுக்காமலே வண்டியில் ஏறினாள். ஃபெர்கஸ் பின்னாலேயே ஓடிவந்து ஏற்றிவிட்டார். வீட்டுக்குத் திரும்பும் வளைவைத் தாண்டி இருபது கிலோமீட்டர் போனபிறகுதான் எங்கே போகிறோம் என்று தெரிந்தது.

அன்றைக்கே போய்ச் சொல்லியிருக்க வேண்டும். ஆனால் சொல்லவில்லை. அன்றிலிருந்து அவள் செய்யாத வேலை கிடையாது, அந்த ஒரு வேலையைத் தவிர.

ஞாயிற்றுக்கிழமை மண்வெட்டியோடு போய்ச் செத்த செடிகளின் அடிமண்ணைச் சுரண்டினாள். பார்த்தவர்கள், “பாரு, ரோனாவுக்குத்தான் எவ்வளவு அக்கறை” என்றார்கள். திங்கட்கிழமை கோழிக்கூண்டைப் பிரித்துத் திரும்பக் கட்டினாள். கூண்டில் கோழி கிடையாது. செவ்வாய்க்கிழமை இதோ, பலகை வந்துவிட்டது. அதற்குமேல் ஜன்னலில் நிற்க முடியவில்லை. டீயைத் தொட்டியில் கொட்டிவிட்டு ஓடினாள்.

குழி தோண்டிக்கொண்டிருந்த கவுன்சில் பையன் டேமியன் நிமிர்ந்தான். “வாங்க ரோனா. சந்தோஷமா?”

“இதைக் கொஞ்சம் தள்ளி வைக்கக் கூடாதாப்பா? அந்த ஓரமா. பாறைப் பக்கம்.”

“என்னங்க இது! ஜன்னலுக்கு நேரா வைக்கணும்னு கடிதத்துல நீங்கதானே எழுதியிருந்தீங்க? அடியில கோடு வேற போட்டிருந்தீங்க. ரெண்டு கோடு.”

மேட்டுக்கு மேலே கண்ணாடி ஜன்னலில் யாரோ திரையை இழுத்து மூடினார்கள். ரோனா வாயைத் திறந்தாள். “சிமெண்ட் நல்லா இறுகணும், காத்து பலமா அடிக்கும்” என்று அவனுக்கு யோசனை சொல்லிவிட்டு வந்துவிட்டாள். தன் வாயா அது என்று அவளுக்கே வெறுப்பாக இருந்தது.

புதன்கிழமை ஒரு வழி தோன்றியது. கவுன்சில் மண்ணை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பியிருக்கிறதே! களைக்கொல்லி இல்லை என்று வந்துவிட்டால் நடீன் தப்பித்தாள், தான் வாயே திறக்க வேண்டாம். போனை எடுத்தாள். களைக்கொல்லி எதுவும் கிடைக்கவில்லை என்றுதான் வந்திருந்தது. ரோனாவுக்கு உயிர் திரும்பி வந்தது.

“அப்போ யாரும் விஷம் வைக்கலைன்னுதானே அர்த்தம்?”

“அப்படிச் சொல்ல முடியாதுங்க” என்றாள் கவுன்சிலில் போனை எடுத்த பெண். “இப்பல்லாம் தடயமே இல்லாத மருந்து வருது. விவரமானவங்க வேலை இது.”

மாலைக்குள் அந்தச் செய்தி ஊரைச் சுற்றி வந்துவிட்டது. தடயம் இல்லையாம், அவ்வளவு கெட்டிக்காரர்கள், பல் டாக்டர் வீட்டு மருந்தெல்லாம் தெரிந்தவள் அல்லவா.

வியாழக்கிழமை கேக் சுட்டாள். எலுமிச்சை கேக். எடுத்துக்கொண்டு நடீன் வீட்டு வாசல்வரை போனாள். பளபளவென்று ஒரு கார் நின்றது. கோட்டு போட்ட ஒருவன் கோப்பும் கையுமாகப் படியேறிக்கொண்டிருந்தான். விருந்தாளி வந்திருக்கிறார்கள், இப்போது போய் என்னத்தைச் சொல்வது, நாளைக்கு வரலாம் என்று திரும்பினாள். திரும்பும்போது கால் எவ்வளவு வேகமாக நடந்தது தெரியுமா! கேக்கை லெஸ் தின்றான்.

வெள்ளிக்கிழமை அவனிடம் சொல்லிவிட்டாள். மீன் செதிலைச் சீவிக்கொண்டிருந்தவன் கத்தியைக் கீழே வைத்தான்.

“சூப்பரா? நம்ம சூப்பரா?”

“நம்ம சூப்பர்தான்.”

“அடக் கடவுளே.” கையைத் துடைத்துக்கொண்டான். “யார்கிட்டயாவது சொன்னியா?”

“உன்கிட்டதான் மொதல்ல.”

“அப்போ என்னோட நிக்கட்டும்.”

“என்னய்யா பேசற நீ?”

“கேளு ரோனா. கிளைவை என்ன பண்ணினாங்கன்னு பாத்தியா? சாசேஜ் வாங்க ஆளில்லை. நாளைக்கு அது நாமதான். அவங்களுக்கு சிட்னி இருக்கு. நமக்கு என்ன இருக்கு? பண்ணையை வித்தாச்சு. எனக்கு ரெண்டு முட்டியும் இல்லை. இன்னொரு ஊர்ல போய் மொதல்லேருந்து ஆரம்பிக்க என்னால முடியாது.” அவன் குரல் நடுங்கியது. அவனுக்குக் குரல் நடுங்கி அவள் கேட்டதே இல்லை, மாடுகளை லாரியில் ஏற்றிய நாளில்கூட. “ஆறு மாசத்துல எல்லாரும் மறந்துடுவாங்க.”

“பலகை அங்கதானே நிக்கும்? செடி மூணு மீட்டர் வளர எத்தனை வருஷமாகும் தெரியுமா?”

லெஸ் கத்தியை எடுத்துச் செதிலைச் சீவத் தொடங்கினான், ஏற்கெனவே சீவிய பக்கத்தையே.

சனிக்கிழமை காலை புதுச் செடி நடும் வேலை. மணல்மேட்டில் பதினான்கு பேர், நெவில் கையில் பெயர்ப் பட்டியல், மடக்கு மேஜையில் டீ, லாமிங்டன் கேக். பலகை வெயிலில் பளிச்சென்று நின்றது. ரோனா இரவெல்லாம் வாக்கியம் வாக்கியமாகச் சேர்த்து வைத்திருந்தது அத்தனையும் காற்றோடு போயிற்று.

“யாரும் நடாதீங்க!” என்று கத்தினாள். எல்லோரும் திரும்பினார்கள். “யாரும் விஷம் வைக்கலை. நான்தான் கொன்னேன். செப்டம்பர்ல சூப்பர் போட்டேன். ஒவ்வொண்ணுக்கும் ரெண்டு கை. மண்ணுல இன்னும் அது இருக்கு. நடீனும் கிளைவும் ஒண்ணும் பண்ணலை. நான்தான்.”

சரி, இதோ வருகிறது என்று அவள் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். நெவிலின் தோள் குலுங்கத் தொடங்கியது. சிரிக்கிறார்!

“ஐயோ ரோனா! படிச்சுப் படிச்சுச் சொன்னேனேம்மா, ஒண்ணும் போடாதீங்கன்னு!”

“மாட்டுக்காரி புத்தி போகுமா?” என்றான் ஒருவன்.

“எங்கப்பா இப்படித்தான் பத்து வேலிச்செடியைக் கொன்னாரு” என்றாள் இன்னொருத்தி. “சாகற வரைக்கும் நாய் மேலதான் பழி போட்டாரு.”

எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஒருத்தி அவள் தோளில் கை போட்டாள். இன்னொருவன் டீயைக் கையில் திணித்தான். சர்க்கரை இரண்டு கரண்டி, அவளுக்குப் பிடித்த மாதிரி. தெரியாமல் நடந்ததுதானே, விடு விடு என்றார்கள். அவ்வளவுதான். முடிந்துவிட்டது. ஒரு வாரமாக எந்தத் தண்டனையை நினைத்து அவள் பயந்து செத்தாளோ, அது வரவே இல்லை.

ரோனாவுக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

“சிரிக்காதீங்க!” டீ மணலில் கொட்டியது. “எதுக்குச் சிரிக்கறீங்க? நான் செஞ்சேன்னதும் சிரிப்பு வருது, டீ வருது. அவ செஞ்சான்னு நெனச்சப்ப தபால் பெட்டில குச்சி வெச்சது யாரு? யாராவது ஒருத்தர் போய், ஏம்மா நீ பண்ணினியான்னு அவகிட்ட கேட்டோமா? நானே கேக்கலையே! ரெண்டு வருஷம் அவ கையைப் பிடிச்சுத்தான் தண்ணில இறங்கினேன், நானே கேக்கலையே!”

நெவில் தரையைப் பார்த்தார். “கவுன்சிலுக்கு நான் இன்னிக்கே எழுதறேன், ரோனா. பலகையை எடுத்துடுவாங்க” என்றார். அதற்குள் அவள் மேட்டில் ஏறிப் போய்க்கொண்டிருந்தாள்.

கதவைத் திறந்த நடீன் அவளை உள்ளே கூப்பிடவில்லை. இளைத்துப் போயிருந்தாள். பின்னால் கூடத்தில் அட்டைப்பெட்டிகள் அடுக்கியிருந்தன. ரோனா அதைப் பார்த்தாள். இருந்தாலும் சொன்னாள். சூப்பர், பக்கெட், ஃபெர்கஸ், கடிதத்தில் போட்ட இரண்டு கோடு, இப்போது கீழே எல்லோர் முன்னாலும் சொன்னது, ஒன்றையும் மறைக்காமல் சொன்னாள். நடீன் குறுக்கே பேசாமல் கேட்டாள்.

“உனக்கு எப்ப தெரியும்?”

“போன சனிக்கிழமை.”

“போன சனிக்கிழமை” என்றாள் நடீன். “வீடு முந்தாநாள் வித்தாச்சு, ரோனா. வியாழக்கிழமை மத்தியானம். கையெழுத்துப் போட்டாச்சு.”

கோட்டு போட்டவன். கோப்பு. கையில் கேக்கோடு இதே வாசலில் நின்றாளே! ரோனா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள்.

“புதன்கிழமை நான் வந்திருந்தா?”

“புதன்கிழமை ராத்திரி வரைக்கும் கிளைவ் வேண்டாம்னுதான் சொல்லிக்கிட்டிருந்தான். எங்கேயும் போக மாட்டேன், நான் தப்பு பண்ணலைன்னான். பரிசோதனைல ஒண்ணும் இல்லைன்னு வந்தும் ஊர் பேசினது பாரு, அதுலதான் விட்டுட்டான்.”

“நடீன்...”

“உன்னை நான் பாத்தேன், தெரியுமா?”

“எப்ப?”

“செப்டம்பர்ல. காலைல. வெள்ளை பக்கெட்டோட, குனிஞ்சு குனிஞ்சு. இந்த ஜன்னல்லேருந்துதான் பாத்தேன். செடியெல்லாம் செத்தப்ப கிளைவ் சொன்னான், பக்கெட் விஷயத்தைக் கவுன்சில்ல சொல்லுன்னு. எனக்கு உரத்தைப் பத்தி என்ன தெரியும்? நான் மாட்டேன்னுட்டேன். அவ அதுங்களுக்கு ஊட்டிக்கிட்டிருந்தா, கொல்ல மாட்டா, நாம வாயைத் திறந்தா ஊர் அவளைப் பிடிச்சுக்கும்னேன். கூட்டத்துக்குப் போற வழியெல்லாம் அதுதான் சண்டை எங்களுக்குள்ள. நான்தான் ஜெயிச்சேன். உள்ளே வந்து உக்காந்தோம். நீ எழுந்து எங்க ஜன்னலைக் காட்டின.”

ரோனா அழுதாள். மாடு போனபோதும் அழாதவள், நிலையைப் பிடித்துக்கொண்டு வாய்விட்டு அழுதாள். நடீன் அவளைத் தொடவில்லை.

“சத்தம் போடாதே” என்றாள் மெதுவாக. “கிளைவ் இப்பத்தான் தூங்கறான். கையெழுத்துப் போட்ட அன்னிலேருந்துதான் அவனுக்குத் தூக்கமே வருது.”

கதவை அவள் அறைந்து சாத்தவில்லை, சத்தமில்லாமல் சாத்தினாள். ரோனா சட்டைக் கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு படியிறங்கினாள். கீழே குழுக்காரர்கள் அதே மண்ணில் புதுச் செடிகளை நடத் தொடங்கியிருந்தார்கள்.